பாக்கி

காரைக்குடி ஸ்டாண்டிலேயே ஏறிவிட்டான்.
ஐந்து ரூபாய்த் தாள். கானாடுகாத்தான் ஒண்ணு.
என்னிடம் சில்லறை இல்லை.
டிக்கெட்டின் முதுகில் 3 என்று எழுதி
அடியில் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தேன்.
இறங்கும்போது வாங்கிக்குங்க.
எல்லாரிடமும் சொல்வதுதான்.

கடைசி ட்ரிப். முழு டிக்கெட் இருபத்திரண்டு, அரை ஒன்று.
பள்ளத்தூர் தாண்டித் தைலமரக் காட்டோரம்
எழுந்து போய்
டிரைவர் சேவுகப்பெருமாள் காதில் ஏதோ சொன்னான்.
விசில் என் வாயில்தான் இருந்தது.
ஊதாத விசிலுக்கு வண்டி நின்றது.

தூக்குவாளியைத் திறந்து காட்டினான்.
குவாரியில் பாறைக்கு வைக்கிற குச்சிகள், நாலு,
ரப்பர் பேண்டு போட்டு,
சந்தை முருங்கைக்காய்க் கட்டு மாதிரி.
"யாரும் இறங்க வேணாம்" என்றான்,
காலை மிதித்துவிட்டவன் சொல்கிற குரலில்.

சினிமா என்றால் இந்நேரம்
முள் நகரும் கடிகாரத்தைக் காட்டுவார்கள்.
இங்கே இருந்த கடிகாரம் என் கையில்;
ஏழு நிமிஷம் ஸ்லோ.
தலைக்கு மேல் வட்டமிட்டது ஈசல்.

போலீசுக்குச் சொல்ல ஒருவர் போக வேண்டும்.
எஸ்டிடி பூத் ஒன்றரை மைல் பின்னால்.
அரை டிக்கெட் உட்பட அத்தனை பேரும் கை தூக்கினோம்,
பின் சீட்டில் குடித்துத் தூங்கியவனைத் தவிர.
கணக்குப்பிள்ளை அடைக்கப்பனை அனுப்பினான்.
திரும்பமாட்டார் என்றே நினைத்தோம்.
முக்கால் மணி கழித்து வேர்த்து ஏறியவர்
நாலு ரூபாய் பில்லை அவனிடம் நீட்டினார்.
பத்து கொடுத்தான். ஆறு வாங்கி எண்ணிப் பார்த்தான்.

என்ன வேணும் உனக்கு என்று கேட்டது
உமையாள் ஆச்சிதான்,
மடியில் எவர்சில்வர் சம்படத்தோடு.

பைனான்ஸ், ஆச்சி. செக்காலை ரோட்டுல.
ஷட்டரை இறக்கி எட்டு மாசம்.
பதினாலாயிரத்து அறுநூறு.

"வட்டி என்ன சொன்னான்?"
"நூத்துக்கு மூணு. மாசத்துக்கு."
"மூணு வட்டி தர்றேன்னவன்
முதலைத் தருவானாக்கும்!"

வெடியைக் கையில் வைத்திருப்பவன்
தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஜீப்புகள் வந்தன. மைக்கில் டிஎஸ்பி
ஐம்பதாயிரம் தருகிறோம் என்றார்.
ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக் கத்தினான்:
"என் காசு மட்டும்!"
அதற்குத்தான் இரண்டு மணி நேரம்.
கட்டு கட்டாக இருந்ததே தவிர
அறுநூறு இல்லை அவர்களிடம்.
கான்ஸ்டபிள்கள் பையைத் துழாவித்
திரட்டிக் கொடுத்தார்கள், பத்தும் இருபதுமாக.

நாக்கில் விரல் தொட்டு இரண்டு முறை எண்ணினான்.
லைட்டை அணைக்கச் சொன்னான்.
பின்படி கிறீச்சிட்டது.
சருகு கொஞ்ச நேரம் சத்தம் போட்டது,
அப்புறம் அதுவும் இல்லை.
பின் சீட்டுக்காரன் விழித்து
"கானாடுகாத்தான் வந்துருச்சா?" என்றான்.

உயரம் என்ன, மச்சம் உண்டா என்று
மூன்று நாள் கேட்டார்கள்.
தாளை நீட்டிய விரல்கள் மட்டும் ஞாபகம்.
நகத்தில் கல்தூசி.
அதையும் நான் சொல்லவில்லை.

டிப்போவில் கணக்கு முடித்தேன்.
மூன்று ரூபாய் கூடுதல்.
கட்டிவிடலாம். கட்டவில்லை.
தினம் தனியாக மடித்துப் பையின் ஓரத்தில் வைத்தேன்,
நாலு வருஷம்.

கோட்டையூரில் செக்கிங் ஏறியபோது மாட்டியது.
கூடுதல் தொகை ரூ. 3. விளக்கம் தருக.

எழுதினேன்:
பயணி ஒருவரின் பாக்கி.
இறங்கும்போது வாங்க மறந்துவிட்டார்.

எந்த ஸ்டாப்பில் என்று கேட்டார் அதிகாரி,
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

அங்கே ஸ்டாப் இல்லை, சார்.